எங்கள் வாசல் கேமராவில் இரண்டு போலீஸ்காரர்கள்

அந்தக் கேள்வி எனக்குள் முதன்முதலில் எழுந்தது ஒரு போலீஸ்காரரின் காலுறையைப் பார்த்தபோது. சாம்பல் நிறக் காலுறை, இடது பெருவிரல் பக்கம் சின்ன ஓட்டை. எங்கள் வாசல் கேமராவின் பதிவைக் கைப்பேசியில் மூன்றாவது தடவையாக ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு காலில் பூட்சும் ஒரு காலில் காலுறையுமாக எங்கள் படியில் உட்கார்ந்து அந்த இளம் போலீஸ்காரர் அழுதுகொண்டிருந்தார். யூனிபார்மில் இருக்கிறார், வேலையாக வந்திருக்கிறார், படி எங்களுடையது, கேமராவும் எங்களுடையது. எல்லாமே எங்கள் பக்கம். அப்படி இருந்தும், நான் தொடக்கூடாத ஏதோ ஒன்று இவருக்கென்று அந்தப் படியில் இருக்கிறதா?

நான் சட்டக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அப்பா அம்மா ரெங்கம் என்ற ஊரில் இருக்கிறார்கள். செமஸ்டர் விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் எல்லை தாண்டி சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். வாரமெல்லாம் அங்கே வாடகை அறை, சனி ஞாயிறு மட்டும் வீடு. அண்ணி பத்து பகாட் நகரில் ஒரு துணி ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். கம்பெனி பஸ்சில் ஒரு மணி நேரம் போய் ஒரு மணி நேரம் வருவார். வீடு, நடுவில் ஒரு சின்ன ஊரின் தாமானில், அதாவது குடியிருப்பில். வரிசை வீடுகள், முன்னால் கார் நிறுத்தும் இடம், கேட், அவ்வளவுதான். வாசல் கேமராவைப் பொருத்தியதும் அண்ணன்தான். அவருடைய வேலைக்குப் போடும் சேப்டி ஷூவை யாரோ இரண்டு தடவை தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதனால் கேமரா பார்த்தது கேட்டை அல்ல, செருப்பு வைக்கும் தட்டை. தட்டுக்குப் பக்கத்தில் படி.

அன்றைக்குச் சனிக்கிழமை, மதியம் பன்னிரண்டு இருக்கும். இரண்டு பேர் வந்தார்கள். ஐம்பதை நெருங்கிய ஒரு சார்ஜன், இருபத்தைந்து வயதுகூட மதிக்க முடியாத ஒரு கான்ஸ்டபிள். இருவரும் மலாய்க்காரர்கள். அவர்களோடு நடந்த பேச்செல்லாம் மலாயில்தான். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படியே தமிழில் எழுதுகிறேன்; துவான் (ஐயா), அடேக் (தங்கச்சி) என்ற சொற்களை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.

விஷயம் இது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் ஊர்க் கடைத்தெருவில் யாரோ நீல மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு அம்மாவின் கைப்பையைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். எதிரே காப்பிக் கடை வைத்திருக்கும் சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, நம்பர் பிளேட்டைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அது அண்ணனுடைய மோட்டார் நம்பர். மோட்டாரும் நீலம். போதாக்குறைக்கு, அதே நேரத்தில் அண்ணன் ரொட்டி சானாய் வாங்கிவருகிறேன் என்று தனியாக அரை மணி நேரம் வெளியே போயிருந்தார். ரொட்டி சானாய் வாங்கியதற்கு யார் ரசீது வைத்துக்கொள்கிறார்கள்?

"பாலாய்க்கு வரணும். ஸ்டேட்மெண்ட் எடுக்கணும். மோட்டாரையும் எடுத்துக்கிறோம். வீட்டுக்குள்ள ஒரு தடவை பார்க்கணும்" என்றார் சார்ஜன். பாலாய் என்றால் போலீஸ் நிலையம்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. திங்கட்கிழமை அவர் லைன் லீடராகப் பொறுப்பெடுக்க வேண்டும். ஆறு வருடம் காத்திருந்து வந்த பதவி. திங்கட்கிழமை வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்தார். பாலாயில் உட்கார வைத்து, மறுநாள் மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் கேட்டால் நான்கு நாள் உள்ளேதான். லைன் லீடர் கதை முடிந்தது.

நான் கைப்பேசியைத் தூக்கி வீடியோ எடுக்க ஆரம்பித்தேன். "இது தனியார் வீடு. வேலைக்கு இடைஞ்சல் செய்யாம படம் எடுக்க எனக்கு உரிமை இருக்கு."

"எடுக்காதே. கீழ வை" என்றார் கான்ஸ்டபிள்.

சார்ஜன் அவர் தோளைத் தொட்டார். "விடு. அவங்க வீடு. அடேக், எடு. மூணு அடி தள்ளி நில்லு, அது போதும். காலேஜா?"

"லா படிக்கிறேன்."

"ரெண்டாவது வருஷம்தான் துவான், இன்னும் பாதி பாக்கி" என்றார் அண்ணி. அலமாக், அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

இருவரும் உள்ளே காலெடுத்து வைக்கும்போது அண்ணி வாசலுக்கு நடுவில் போய் நின்றார். "துவான், மன்னிச்சிடுங்க. சாமி அறையத் தாண்டித்தான் போகணும். இப்பதான் துடைச்சேன். பூட்ஸ கழட்டிட்டு வாங்க."

எனக்கு ஒரு புருஷன் இருந்து, அவனைக் கொண்டுபோக வந்தவர்களிடம் நான் இப்படிப் பேசுவேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். வேலை நேரத்தில் போலீஸ்காரர்கள் பூட்சைக் கழற்றுவதில்லை. சார்ஜன் தரையைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "எங்க வீட்டிலயும் பூட்சோட போனா என் வீட்டுக்காரி கதவத் திறக்க மாட்டா." படியில் உட்கார்ந்து கயிறுகளை அவிழ்த்தார். கான்ஸ்டபிளும் உட்கார்ந்தார்.

உள்ளே பத்து நிமிடம் பார்த்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. அண்ணன் சட்டை மாற்றிக்கொள்ள அறைக்குள் போனார், அண்ணி அவருக்குத் தண்ணீர் பாட்டில் நிரப்பினார், நான் என் வீடியோவைச் சேமித்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நான்கு நிமிடம் அவர்கள் இருவரும் படியில் தனியாகப் பூட்சு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் அண்ணனோடு போய்விட்டார்கள். கான்ஸ்டபிள் மோட்டாரை ஓட்டிக்கொண்டு பின்னால் போனார்.

கேமரா நினைவு எனக்கு வந்தது அதற்கும் அரை மணி நேரம் கழித்துத்தான். திறந்து பார்த்தேன். ஒலியும் பதிவாகியிருந்தது.

கான்ஸ்டபிள் சொல்கிறார்: "சார்ஜன், ஒண்ணு சொல்லணும். தவுக்கே சொன்ன கடைசி நம்பர் எட்டுன்னு இப்ப ஞாபகம் வருது. நான் மூணுன்னு டைப் பண்ணிட்டேனோ."

"உறுதியா தெரியுமா?"

"தெரியல. அன்னைக்கு ஆஸ்பத்திரியிலருந்து நேரா டியூட்டிக்கு வந்தேன். குழந்தை தங்கல சார்ஜன். இது மூணாவது. இன்னும் அவ அம்மாவுக்கே சொல்லல. எதை எழுதினேன், எப்படி எழுதினேன், ஒண்ணும் தெரியல."

அதற்குப் பிறகு பேச்சு இல்லை, அழுகை மட்டும்தான். சார்ஜன் தன் பூட்சை விட்டுவிட்டு அவருடைய பூட்சை இழுத்து முன்னால் வைக்கிறார். "முதல்ல இத மாட்டு. தவுக்கேகிட்ட நான் பேசுறேன்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கிடைத்துவிட்டது! நம்பரே தப்பு, தப்பென்று அவர்களுக்கே தெரியும், தெரிந்தே கூட்டிப்போகிறார்கள். அந்தத் துண்டை வெட்டி, 'போலீஸ் மாட்டிக்கிச்சு' என்று தலைப்புப் போட்டேன். பொதுவில் போடுவதற்கு முன்பு கல்லூரித் தோழி ஒருத்திக்கு அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழியும் முகங்கள் மூன்று. கீழே, 'ஐயோ அழறாரு லா'.

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தலைப்பைப் போட்டு அனுப்பினால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். அப்போதுதான் மூன்றாவது தடவை ஓட்டிப் பார்த்தேன், காலுறை கண்ணில் பட்டது. தோழியை அழைத்து, தயவுசெய்து அழித்துவிடு என்று கெஞ்சினேன். அழித்துவிட்டேன் என்றாள். அது நிஜமென்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை. அனுப்பியதை இன்றுவரை திரும்பப் பெற முடியவில்லை என்பதுதான் உண்மை.

அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சமையலறையில் நின்றபடியே முழுவதும் பார்த்தார். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

"வெளிய போட்டியா?"

"ஒருத்திக்கு அனுப்பினேன். அழிக்கச் சொல்லிட்டேன்."

"சரி. வேற யாருக்கும் வேணாம்."

"அண்ணி, இதப் போட்டா சாயங்காலத்துக்குள்ள அண்ணன விட்டுருவாங்க!"

"விடலாம். அந்தப் பையனோட பொண்டாட்டி இத எங்க பார்ப்பா? அவ அம்மா எங்க பார்ப்பா? இன்னும் சொல்லலன்னு சொல்றான்ல." துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "கிளம்பு வக்கீலம்மா. அவங்ககிட்டயே போய்ச் சொல்லுவோம்."

காரில் போகும்போது நான் பேசிக்கொண்டே வந்தேன். அது சாட்சியம், இது பொது நலன், கடமையில் இருப்பவர் தன் பேச்சு ரகசியம் என்று எதிர்பார்க்க முடியாது. தெரிந்த அத்தனையையும் கொட்டினேன். அண்ணி சிக்னலில் நிற்கும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "ஆலையில ஒரு துணியில ஓட்டை இருந்தா, அந்த ஓட்டைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். தச்ச பொண்ணு நெத்தியில ஒட்ட மாட்டோம்." அதற்குப் பிறகு வானொலியைப் போட்டுவிட்டார்.

பாலாயில் சார்ஜன் எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். அண்ணி சுற்றி வளைக்கவில்லை. "எங்க வாசல்ல கேமரா இருக்கு துவான். நீங்க ரெண்டு பேரும் படியில பேசினது அதுல விழுந்திருக்கு. நாங்க கேட்டுட்டோம். தெரியாம கேட்டோம், ஆனா கேட்டுட்டோம்."

சார்ஜனின் முகம் மாறியது. "முழுசுமா?"

"முழுசும்."

சார்ஜன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "கேமரா இருக்குன்னு கேட்ல அறிவிப்பு இருந்ததா?"

"இருக்கு!" என்று நான் முந்திக்கொண்டேன். "மஞ்சள் ஸ்டிக்கர். அண்ணன் போன வருஷமே ஒட்டினார்." என் கட்சிக்கு இருந்த ஒரே பலமான தூண் அது.

"இருக்கு துவான்" என்றார் அண்ணி. "ஆனா அது மேல மாவிலைத் தோரணம் தொங்குது. விசேஷத்துக்குக் கட்டினது, இன்னும் கழட்டல. நீங்க பார்த்திருக்க முடியாது."

மேசைக்குக் கீழே அவர் காலை மிதிக்கலாமா என்று இருந்தது. தன் புருஷன் பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும்போது, யாரும் கேட்காத ஓர் உண்மையைச் சொல்லி, எங்கள் தூணை எங்கள் கையாலேயே பிடுங்கி வைக்கிறார். அந்த நிமிடம் அது எனக்கு அசட்டுத்தனமாகப் பட்டது. சார்ஜன் நிமிர்ந்து அண்ணியைப் பார்த்த பார்வையைக் கண்ட பிறகுதான் ஏதோ புரிய ஆரம்பித்தது. அதுவரை வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர், அப்போதுதான் எங்களோடு பேச ஆரம்பித்தது போல இருந்தது.

"அழிக்கச் சொல்லுவேன்னு நினைக்கிறீங்களா?" என்றார். "அழிக்காதீங்க. உங்களுக்கு வக்கீல் வேண்டியிருந்தா அவர்கிட்ட கொடுக்கணும். நான் யூனிபார்ம்ல உங்க வீட்டுக்கு வந்தேன். என் வேலைய நீங்க படம் எடுக்கலாம், கேட்கலாம், தப்புன்னா சொல்லலாம். அதுல எனக்கு மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா அவன் வீட்டு விஷயம்..." கையை மேசைமேல் விரித்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அது எங்க வாயிலருந்து வராது" என்றார் அண்ணி. "எட்டா மூணான்னு மட்டும் பாருங்க."

சார்ஜன் தன் கைப்பேசியை எடுத்து எங்கள் பக்கம் திருப்பினார். தவுக்கேயின் எண்ணுக்கு நான்கு அழைப்புகள். முதல் அழைப்பு, அண்ணனைக் கூட்டிப்போன அடுத்த கால் மணி நேரத்தில். "எடுக்க மாட்டேங்கிறார். கடையும் பூட்டியிருக்கு. கோத்தா திங்கியில கல்யாணமாம், திங்கட்கிழமைதான் வருவாராம்."

நான் காதுவரை சிவந்திருப்பேன். 'தெரிந்தே கூட்டிப்போகிறார்கள்' என்று நினைத்து நான் தலைப்பு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், இந்த மனிதர் அந்த எண்ணை நான்கு தடவை அழுத்தியிருக்கிறார்.

"துவான் நம்பர பார்த்தா அவர் எப்படி எடுப்பார் லா?" என்றார் அண்ணி. "புகார் கொடுத்தவரே பாலாய்லருந்து போன் வந்தா ஓடுவார். என் போன்ல கூப்பிடுங்க."

தவுக்கே இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் கல்யாணச் சத்தம், தட்டுகள் மோதும் ஒலி. சார்ஜன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"தவுக்கே, அந்த மோட்டார் கடைசி நம்பர் என்ன?"

"எட்டு!"

"நல்லா தெரியுமா?"

"தெரியாம? அந்த நம்பர நான் எடுத்தேனே! நாலு நம்பர், புதன்கிழமை குலுக்கல். ஒண்ணும் அடிக்கல. திருடன் நம்பர் ராசியில்ல சார்ஜன்!"

எங்கள் ஊரில் யாராவது மோட்டாரில் விழுந்தாலோ, கார் மோதினாலோ, அடிபட்டவரைத் தூக்குகிற கூட்டத்திலேயே நான்கு பேர் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொள்வார்கள். அந்த எண்ணில் லாட்டரி எடுத்தால் விழும் என்று ஒரு நம்பிக்கை. தமிழர், சீனர் வித்தியாசம் கிடையாது. இதைப் பற்றி நான் கல்லூரியில் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்குத் தவுக்கே தன் பர்ஸைத் திறந்து, விழாத அந்தச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினார். அச்சடித்த நான்கு எண்கள், கடைசியில் எட்டு.

சார்ஜன் சிரிக்கவில்லை, ஆனால் மீசை ஆடியது. "லாட்டரிச் சீட்டு வச்சு ஒருத்தர விடுவிக்கிறது இதுதான் முதல் தடவை." எழுந்து, "இத நான் எழுதக் கூடாது. தப்பு அவனோடது, அவன்தான் எழுதணும்" என்று சொல்லி வெளியே போனார்.

கதவு பாதி திறந்திருந்தது. எதிர் அறையில் இன்ஸ்பெக்டரின் மேசை முன்னால் கான்ஸ்டபிள் விறைப்பாக நின்றிருந்தார். "துவான், நம்பர நான் தப்பா பதிஞ்சிருக்கேன். தப்பு என்னோடது" என்று அவர் சொன்னது எங்களுக்குக் கேட்டது. காரணம் எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. சொல்லியிருந்தால் அவர்மேல் கொஞ்சம் இரக்கமாவது பிறந்திருக்கும். தப்பை மட்டும் ஒப்புக்கொண்டு, மற்றதைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். நான் மூன்று தடவை ஓட்டிப் பார்த்ததை அவர் தன் மேலதிகாரியிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. என் கைப்பேசி மடியில் கனத்தது.

ஆறரை மணிக்கு அண்ணனை விட்டார்கள். மோட்டார் மட்டும், கோப்பு முடியும்வரை பாலாயிலேயே இருக்கட்டும் என்றார்கள். வெளியே வந்த அண்ணன், "என்ன நடந்துச்சு?" என்று மூன்று தடவை கேட்டார். அண்ணி மூன்று தடவையும், "தவுக்கேக்கு நம்பர் அடிக்கல" என்றே சொன்னார். வீட்டுக்குப் போகிற வழியில், ரொட்டி சானாய் கடையைப் பார்த்ததும் அண்ணன் தலையைத் திருப்பிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை பஸ்ஸில் சிங்கப்பூர் போனார். திங்கட்கிழமை மதியம், மஞ்சள் தொப்பியில் 'லீடர்' என்று எழுதியிருந்த படம் ஒன்றை அனுப்பினார். அதை அண்ணி ஒருத்தருக்கல்ல, முப்பது பேருக்கு அனுப்பினார்.

எனக்குத்தான் மனம் அடங்கவில்லை. அந்த வாரம் முழுக்க நூலகத் தளத்தில் தேடினேன். போலீஸ்காரரைப் படம் எடுப்பதையே தடுக்கும் வரி என் கண்ணில் படவில்லை. வேலைக்கு இடைஞ்சல் செய்தால் குற்றம் என்ற வரி கண்ணில் பட்டது. ஆனால் ஒருவர் வீட்டுப் படியில் பூட்சைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் தாழ்ந்த குரலில் பேசுகிற போலீஸ்காரருக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டால், புத்தகங்கள் சுற்றிச் சுற்றி வருகின்றன. அவர் வேலையில் இருக்கிறாரா, இல்லையா? அவருக்குக் கேமரா தெரியுமா, தெரியாதா? அண்ணி இதையெல்லாம் படிக்கவில்லை. படிக்காமலே இரண்டு கேள்விகளையும் சமையலறையில் நின்று தீர்த்துவிட்டார். சார்ஜனும் அவர் பங்குக்கு, மேசைமேல் கையை விரித்துத் தீர்த்துவிட்டார். எனக்கு மட்டும் நாற்பது பக்கம் குறிப்பு சேர்ந்திருக்கிறது.

தோரணத்தைக் கழற்றிவிட்டேன். மஞ்சள் ஸ்டிக்கர் இப்போது தெருவிலிருந்தே தெரிகிறது. கேமராவின் ஒலியை நிறுத்தலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். "செருப்புத் திருடன் பேசிக்கிட்டா திருடுவான்? நிறுத்து" என்றார்.

நேற்று சார்ஜன் அழைத்தார். கோப்பு முடிந்துவிட்டது, மோட்டாரை எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் தயங்கித் தயங்கி, அந்தக் கான்ஸ்டபிள் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். ஒரு வாரம் லீவில் ஊருக்குப் போய் நேற்றுத்தான் திரும்பினாராம்.

நாளைக் காலை போகிறோம். அண்ணி மோட்டாரின் மாற்றுச் சாவியை எடுத்துவைத்திருக்கிறார். நான் கேமராவின் நினைவட்டையைக் கழற்றி ஒரு சின்ன உறையில் போட்டிருக்கிறேன். கைப்பேசியில் இருந்த பிரதியையும் அந்த அட்டைக்கே மாற்றிவிட்டேன். அதை அந்தக் கான்ஸ்டபிளிடம் கொடுக்கப் போகிறேன். ஒருத்திக்கு அனுப்பினேன் என்பதையும் சொல்லப் போகிறேன். அதைச் சொல்லவே வேண்டாம் என்று ஒரு மனம் சொல்கிறது. ஸ்டிக்கர் தோரணத்துக்குப் பின்னால் இருந்தது என்று சொன்ன அண்ணியோடு ஒரே காரில் போகிறேன், சொல்லாமல் எப்படித் திரும்புவது?

கான்ஸ்டபிள் கோபப்பட்டால் கேட்டுக்கொள்வேன். கோபப்படாவிட்டால், இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். எங்கள் தாமான்காரர்களுக்காக ஒரு பக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். போலீஸ் வீட்டுக்கு வந்தால் எப்படிப் படம் எடுப்பது, எவ்வளவு தள்ளி நிற்பது, கேமரா ஓடுகிறது என்று முதலிலேயே எப்படிச் சொல்வது, எதை வெளியே விடாமல் இருப்பது என்று. கடைசிப் பத்தி இன்னும் காலியாக இருக்கிறது. அதில் என்ன எழுதலாம் என்று அவரைக் கேட்கப் போகிறேன்.